நீந்திப் போக முடியாத தண்ணீர்

"புதுத் தொட்டிதானே தம்பி? ரெண்டு மோலியை விட்டுப் பாருங்க. நாலு நாள் தாங்கிட்டுன்னா தண்ணி செட் ஆயிட்டுன்னு அர்த்தம். அப்புறமா வந்து நல்ல மீனா எடுத்துக்கிடலாம்."

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ வண்ணமீன் கடைக்குப் போய், முதல்முறையாகத் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னால் அநேகமாக இப்படித்தான் ஆலோசனை கிடைக்கும். சென்னை கொளத்தூரிலும் இதையேதான் சொல்வார்கள், 'ஆயிட்டு' மட்டும் 'ஆயிடுச்சு' ஆகும். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. பல வருட அனுபவத்தில் தேறிய யோசனை அது. மோலி தாக்குப்பிடிக்கும் மீன், விலையும் குறைவு. செத்தால் பெரிய நஷ்டம் இல்லை, பிழைத்தால் தண்ணீர் தேறிவிட்டது. எனக்கு அந்தப் பேச்சில் உறுத்துவது 'நல்ல மீன்' என்ற சொல்தான். அப்போ மோலி என்ன கெட்ட மீனா? அந்த இரண்டு மோலியும் மீன் என்ற கணக்கிலேயே தொட்டிக்குள் போகவில்லை. தண்ணீரை அளக்கும் கருவியாகப் போகின்றன. கருவி எப்படி அளவு காட்டும் என்றால், செத்துக் காட்டும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆகும் செலவை யார் கொடுப்பது? இந்தக் கேள்வியை மருந்துப் பரிசோதனை பற்றியும் அணை கட்டுவது பற்றியும் கேட்டிருக்கிறோம். வீட்டு ஹாலில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியை வைத்துக்கொண்டு கேட்பது கொஞ்சம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பெரிய இடங்களில் இந்தக் கேள்வி எப்படிக் கைநழுவிப் போகிறது என்பது சின்ன இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது.

முதலில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகின இலையும் அதோடு சேரும். ஆற்றில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் போக வழி கிடையாது. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியில் பரப்பிய கல்லிலும் மெதுவாகக் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அதைக் கையாள வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தத்தில் ஏறி, அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். செவ்வுளின் சிவப்பு பழுப்பாகிவிடும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய தொந்தரவில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளிக்கலாம். இந்த இரண்டு கூட்டமும் தேவையான அளவுக்குப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அந்த ஆறு வாரமும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கலாம். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் இல்லை. தொட்டியில் இருக்கும் அளவில் வாசனையும் தெரியாது.

மீன் சொல்லாதா? சொல்லும், ஆனால் அது சொல்வது நமக்கு வேறு மாதிரி விளங்கும். செவுள் எரிந்து மூச்சு முட்டுகிற மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வீட்டுக்கு வந்த குழந்தை அதைப் பார்த்து, "மீன் பேசுது" என்று கைதட்டும். பெரியவர்கள், "பசிக்குது போல, கொஞ்சம் இரை போடு" என்பார்கள். போட்ட இரை மறுபடி அம்மோனியாவாகும். நாய்க்கும் பூனைக்கும் முகம் இருக்கிறது, முனகல் இருக்கிறது, அவற்றோடு பல்லாயிரம் வருடப் பழக்கம் நமக்கு இருக்கிறது. மீனின் முகத்தை வாசிக்கும் திறமை நமக்கு வாய்க்கவே இல்லை. நல்ல மனசோடு இரை போடுகிற கைதான் பல தொட்டிகளில் மீனைக் கொல்கிறது.

டெஸ்ட் கிட் என்பது இந்த இடத்தில் வருகிற சாமான். சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், ஒரு புட்டியிலிருந்து சில துளி, இன்னொரு புட்டியிலிருந்து சில துளி, குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள். இருந்தால் பச்சை, கூடக்கூடக் கரும்பச்சை. நிற அட்டையில் வைத்து ஒப்பிட வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். டியூப்லைட்டுக்குக் கீழே எல்லாமே கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும்.

மோலியை விடாமலேயே தொட்டியைத் தேற்றவும் வழி உண்டு. காலித் தொட்டியில் ஃபில்டரை ஓட விட்டு, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக நாமே ஊற்றலாம். அது கிடைக்காவிட்டால் இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுக விடலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே வந்தால், அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டினால் தொட்டி தயார். ஆறு வாரம் விளக்கு எரியும், குமிழி வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. வருகிறவர்கள் எல்லாம் "மீனு எங்கடே?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும் என்பது வேறு விஷயம்.

இதை எதிர்ப்பவர்களின் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. நல்ல கிட் ஒன்றின் விலை, சாதாரணமான ஒரு வீட்டுத் தொட்டியிலிருக்கும் மொத்த மீனின் விலையைவிடக் கூடுதல். இருபது ரூபாய் மீனுக்கு ஆயிரம் ரூபாய்ச் சோதனையா? பொருளாதாரமாகப் பார்த்தால் கிறுக்குத்தனம். ஆனால் அந்தக் கணக்கு ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் தொடங்குகிறது: செத்த மோலியின் இடத்தில் இன்னொரு மோலியை விட்டால் ஈடு சரியாகிவிட்டது என்று. தொட்டிக்கு ஈடாகிவிட்டது, உண்மைதான். செத்த மோலிக்கு?

உடனே அடுத்த கேள்வி வரும். மீனுக்கு வலிக்குமா? 2003இல் லின் ஸ்னெடனும் கூட்டாளிகளும் ட்ரௌட் மீன்களின் உதட்டில் அமிலத்தையும் தேனீ விஷத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, வெகுநேரம் இரையைத் தொடவில்லை. வலியுணர் நரம்புகள் மீனுக்கு உண்டு என்பது அந்த ஆய்வில் உறுதியானது. நரம்பு இருந்தால் மட்டும் போதாது, வலியை வலியாக உணரப் பெருமூளைப் புறணி வேண்டும், அது மீனுக்கு இல்லை என்று ப்ரையன் கீ போன்றவர்கள் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. (வலிக்குமா என்று கண்டுபிடிக்க உதட்டில் அமிலம் செலுத்த வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள். செலவை யார் கொடுத்தார்கள்?)

இந்த இடத்தில் சீன ஞானி சுவாங் சூவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் நண்பர் ஹூய் சூவும் ஹாவ் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருக்கிறார்கள். கீழே குட்டி மீன்கள் துள்ளித் திரிகின்றன. மீன்கள் சந்தோஷமாக இருக்கின்றன என்கிறார் சுவாங் சூ. நீர் மீன் இல்லையே, உமக்கு எப்படித் தெரியும் என்கிறார் நண்பர், தர்க்கத்தில் புலி. நீர் நான் இல்லையே, எனக்குத் தெரியாது என்று உமக்கு எப்படித் தெரியும் என்று இவர் மடக்குகிறார். கடைசியில், இதோ இந்த ஆற்றின் மேல் நின்றே தெரிந்துகொண்டேன் என்று முடித்துவிடுகிறார்.

இந்தக் கதையைப் பிற உயிரின் மனதை அறிய முடியுமா என்ற கேள்விக்கு உதாரணமாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஆறு. சுவாங் சூ பார்த்த மீன்கள் ஆற்றில் இருந்தன. பாலத்தடித் தண்ணீர் பிடிக்கவில்லையென்றால் அவை மேலேயோ கீழேயோ போயிருக்கும். போகாமல் அங்கேயே திரிந்தன. மனதுக்குள் புகுந்து பார்க்கத் தேவையே இல்லை, அவை அங்கே இருப்பதே ஒரு சாட்சி. அந்தக் கிழவர் பாலத்தின் மேல் நின்று தெரிந்துகொண்டேன் என்றது வெறும் வாய்ஜாலம் இல்லை என்று நினைக்கிறேன்.

அதே மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அந்த இருப்பு எதற்கும் சாட்சி ஆகாது. வேறெங்கே போகும்? தண்ணீரைப் பற்றி மீனிடம் இருந்த ஒரே வாக்குரிமை விலகிப் போவதுதான். அதைத்தான் நாலு கண்ணாடியும் சிலிக்கான் பசையுமாக நாம் எடுத்துவிட்டோம். எடுத்த பிறகு, அந்தத் தண்ணீரில் இருக்கலாமா வேண்டாமா என்று மீன் சொல்லியிருக்கக்கூடிய பதிலை வேறு வழியில் கண்டுபிடிக்கும் வேலை எடுத்தவன் தலையில் விழுகிறது. மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வி தீரும் வரை இந்த வேலை காத்திருக்க வேண்டியதில்லை. வலி தெரியாமல் போகலாம், அம்மோனியா தெரியும். தெரிந்துகொள்ள முடியாததைக் காட்டி, தெரிந்துகொள்ளக்கூடியதிலிருந்து தப்பித்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு இதில் உள்ள வருத்தம்.

"எங்க ஆச்சி காலத்துல கெணத்துல மீன் கெடக்கும், யாரு டெஸ்ட் பண்ணுனா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிணற்றில் கெண்டைக் குஞ்சோ ஆமையோ விடுவது நம் பக்கத்தில் இருந்த பழக்கம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் கம்பூசியாவையும் கப்பியையும் விட்டார்கள். அந்த ஆச்சி தப்புப் பண்ணவில்லை. பெரிய கிணற்றில் அத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து மீன். யாரும் இரை போடுவதில்லை. சுவரில் பாசி, ஊற்றில் புதுத் தண்ணீர். ஐம்பது லிட்டர் தொட்டியில் பன்னிரண்டு கோல்டு ஃபிஷ்ஷை அடைத்து மூன்று வேளை இரை போடுகிறவருக்கு ஆச்சியின் உதாரணம் உதவாது. இடத்தைச் சுருக்கச் சுருக்க, கைவைப்பது கூடக்கூட, தெரிந்துகொள்ள வேண்டியதும் கூடுகிறது.

மீன்தொட்டி பிறந்ததே வேதியியல் கேள்வியிலிருந்துதான். 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று எழுதினார். அவருக்கு அது அலங்காரம் இல்லை, சோதனை. பிறகு அது வரவேற்பறைக்கு வந்தது. நம் ஊரில் வாஸ்துவுக்கும் வந்தது. வந்த வழியில் வேதியியலை இறக்கி விட்டுவிட்டார்கள்.

இதே நூற்றாண்டில், 1877இல், டபிள்யூ. கே. கிளிஃபர்ட் என்ற கணித மேதை நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது. புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறது. கொடுத்துச் சரிபார்க்கலாமா என்று அவருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. செலவை நினைக்கிறார். இத்தனை கடல் தாண்டி வந்த கப்பல், கடவுள் இருக்கிறார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறார். கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் முழுகுகிறது, அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் நம்பியது உண்மைதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். இதற்கு அடுத்த படியில்தான் பலருக்கு இடறும்: கப்பல் முழுகாமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் இம்மியும் குறையாது.

மீன் வளர்ப்பவர்களிடம் இந்த இரண்டாவதைச் சொன்னால் கோபம் வரும். "பத்து வருஷமா வச்சிருக்கேன், ஒரு டெஸ்ட்டும் எடுத்ததில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு." கிளிஃபர்ட் பக்கம் முழுதாகச் சாய எனக்கும் தயக்கம் உண்டு. பத்து வருடம் ஒரு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணே ஒரு கருவிதான். செடியின் நிறம், மீன் இரைக்கு வரும் வேகம், தண்ணீர் மாற்றும்போது கையில் படும் வழுவழுப்பு என்று அவருக்கு நூறு அடையாளம் இருக்கும். கப்பல் முதலாளியிடம் அது இல்லை, அவர் துறைமுகத்தில் இறங்கிப் பார்க்கவே இல்லை. பார்ப்பதும் ஒரு சோதனை என்று ஒத்துக்கொள்கிறேன். முதல் தொட்டி வைப்பவருக்கு அந்தக் கண் இல்லையே. கடைக்காரரின் பத்து வருடத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, வட்டியை மோலி கட்டுகிறது.

அளப்பதற்கும் ஒரு வியாதி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பிஹெச் 7 வந்தே தீர வேண்டும் என்று மருந்து ஊற்றி ஊற்றி, காலையில் 6.5, சாயங்காலம் 8 என்று ஊஞ்சலாட்டி மீனைக் கொன்றவர்கள் உண்டு. திருநெல்வேலிச் சமவெளியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும், சோப்பு நுரைக்காது. பொதிகை மலையின் பாறையில் இறங்கி வரும் ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. (அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரால்தான் என்று சத்தியம் செய்கிற ஊர் இது. தண்ணீரை நாக்கால் சோதித்த பரம்பரை.) ஒரே தெருவில் கார்ப்பரேஷன் குழாயும் போரும் இரண்டு வேறு உலகம். உள்ளூரில் போர் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த கப்பிக்கு அந்தக் கடினம் தொந்தரவே இல்லை, தினமும் மாறினால்தான் தொந்தரவு.

ஆனால் இங்கே ஒரு பொடி இருக்கிறது. அம்மோனியாவின் விஷம் பிஹெச்சைப் பொறுத்தது. பிஹெச் 7இல் அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும், விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிஹெச் 8 ஆனால் விஷப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகும்போது இன்னும் கூடும். கிட் காட்டும் பச்சை இரண்டு தொட்டியிலும் ஒரே பச்சைதான், காரத் தண்ணீர்த் தொட்டியில் மீன் சாகும், மற்றதில் பிழைக்கும். ஒரு எண்ணை வாசிக்க இன்னொரு எண் வேண்டியிருக்கிறது. நிறத்தைப் பார்த்துவிட்டோம் என்பதாலேயே தெரிந்துகொண்டோம் என்று ஆகாது. தெரிந்துகொண்டு பக்கெட்டைத் தூக்காமல் இருப்பவரும் உண்டு. அவருடைய நோட்டில் தேதி வாரியாக எல்லா எண்ணும் இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மனிதர்கள் செத்தார்கள், மாடுகள் போயின, கரண்ட் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் மீன்தொட்டியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கும். ஆனாலும் ஆற்றை விட்டுத் தள்ளியிருந்த, தண்ணீர் புகாத வீடுகளிலும் ஒரு சங்கதி உண்டு. ஃபில்டர் நின்றால் சில மணி நேரத்தில் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் மோட்டாரை அப்படியே போட்டால் உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் கொட்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் குளோரினைக் கூட்டித்தான் போட வேண்டும், இல்லையென்றால் காலராவும் டைஃபாய்டும் வரும். அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள் வெந்துபோகும், பாக்டீரியாவும் போகும். தயோசல்பேட் படிகம் கொஞ்சம் போட்டால் குளோரின் முறியும். நமக்குப் பத்திரமான தண்ணீர் அதற்கு நஞ்சு. யாருக்கு நல்ல தண்ணீர் என்று கேட்காமல் நல்ல தண்ணீர் என்று ஒன்று கிடையாது.

இப்போது தொட்டியை விட்டு ஆற்றுக்கு. அங்கே ஒரு மீன் இருக்கிறது, டாக்கின்சியா தாம்ப்ரபர்னியே. கெண்டை வகை. ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்ட நூல்கள் இருக்கும். 1954இல் இ. ஜி. சைலஸ் இதை விவரித்து ஆற்றின் பெயரையே வைத்தார். 2012இல் இந்த இனக்கூட்டத்தை இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் கூட்டாளிகளும் தனிப் பேரினமாகப் பிரித்தபோது, பரிணாமவியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். கடவுள் இல்லை என்று உலகமெல்லாம் வாதாடுகிறவரின் பெயரும், அகத்தியர் கமண்டலத்திலிருந்து கவிழ்த்ததாகச் சொல்லப்படும் ஆற்றின் பெயரும் ஒரே மீன்மேல் ஒட்டிக்கொண்டு நீந்துகின்றன. அந்த மீன் வாழ்வது இந்த ஆற்றுப்படுகையில் மட்டும்தான். அருகிவரும் இனம் என்று சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அதே சமயம் வெளிநாட்டு மீன் ஆர்வலர்களின் தொட்டிகளிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் எங்கோ ஒரு வீட்டில், இந்த மீனுக்காக ஒருவர் வாராவாரம் குழாயைக் குலுக்கி நிறம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆற்றிலும் சோதனை நடக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் மாதிரி எடுக்கின்றன, அட்டவணைகள் வெளியாகின்றன. மத்திய வாரியம் 2018இல் வெளியிட்ட மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையிலான தாமிரபரணியும் இருந்தது. சாக்கடை கலப்பதைத் தடுக்கக் கோரி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். தெரியாது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. தொட்டியில் இரை போடுகிறவர், அழுக்காக்குகிறவர், சோதிக்கிறவர், பக்கெட் தூக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். ஆற்றில் சாக்கடையை விடுகிறவர் ஒருவர், மாதிரி எடுக்கிறவர் இன்னொருவர், அட்டவணை போடுகிறவர் வேறொருவர், கீழே ஸ்ரீவைகுண்டத்திலும் தூத்துக்குடியிலும் குடிக்கிறவர்கள் வேறு யாரோ. கிளிஃபர்டின் முதலாளியைப் பத்தாகப் பிய்த்துப் போட்ட மாதிரி. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு தெரிதல் இருக்கிறது, முழுக் கப்பலும் யாருடையதும் இல்லை.

பாபநாசத்தில் கோயில் படித்துறைக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக மீன் கிடக்கும். யாரும் பிடிப்பதில்லை, சாமி மீன். வருகிறவர்கள் பொரி வாங்கிப் போடுகிறார்கள், புண்ணியம். அதே படித்துறையில் பரிகாரம் முடித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை அவிழ்த்து ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அள்ளி எடுப்பது தன்னார்வலர்களுக்குத் தீராத வேலை. பொரி போடுகிற கையும் துணி விடுகிற கையும் பல சமயம் ஒரே கைதான். அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று இந்த ஆறு தலைமுறை தலைமுறையாகக் காட்டிக் கொடுத்த நம்பிக்கை அது, ஓடுகிற வரைக்கும் பெரிய அளவுக்கு மெய்யும்கூட. சுவாங் சூவின் பாலத்தடி மீன்களைப் போல இவையும் அங்கேயேதான் கிடக்கின்றன, பிடிக்கவில்லை என்றால் போயிருக்கும் என்று சொல்லலாம்.

போக முடியுமா என்பதைக் கோடையில் பார்க்க வேண்டும். சுமார் 128 கிலோமீட்டர் ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு. இத்தனை நெல்லும் வாழையும் அவற்றால்தான், குறை சொல்வதற்கில்லை. நீர்வரத்து குறையும் மாதங்களில் இரண்டு அணைக்கட்டுக்கு நடுவே ஆறு தேங்கி நிற்கும், அமலைச்செடி மூடும். மேலே ஏற வழியில்லை, கீழே இறங்கினால் மணல். அப்போது அது கிட்டத்தட்ட ஒரு தொட்டி, கண்ணாடி மட்டும் இல்லை. கரையில் இருந்து குடிக்கிறவர்களும் நீந்திப் போகக்கூடியவர்கள் இல்லை.

ஆற்றின் அழுக்கை அளக்கும் முக்கியமான சோதனைக்கு பிஓடி என்று பெயர். ஆற்றில் மொண்ட தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் குமிழி இல்லாமல் நிரப்பி, மூடி, இருட்டான பெட்டியில் 27 டிகிரியில் மூன்று நாள் வைப்பார்கள். உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்க்கின்றன என்பதுதான் கணக்கு. லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் தீர்த்தால் குளிக்கத் தகுந்த தண்ணீர் இல்லை. மூன்றாவது நாள் குப்பியைத் திறந்து எண்ணைக் குறிக்கும்போது, மழைக்காலமாக இருந்தால், அதோடு சேர்ந்து வந்த தண்ணீர் புன்னைக்காயலில் கடலுக்குள் போயிருக்கும். மே மாதமாக இருந்தால் சுத்தமல்லிக்குக் கீழே எங்கேயோ அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், மீனோடு.